கோவையில் நியூரோஃபீட்பேக் பயிற்சி: பையனைச் சேர்க்கலாமுங்களா?

அந்தியூர் அம்மணி

எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பையனுக்கு ஒன்பது வயசு, நாலாவது படிக்கிறான். படிப்பில் கவனம் நிற்பதில்லை என்று போன வருஷத்திலிருந்தே பள்ளியில் சொல்கிறார்கள். சேட்டை கிடையாது, அமைதியான பிள்ளை. ஆனால் பாடம் நடக்கும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். டிக்டேஷன் நோட்டை எடுத்துப் பார்த்தால் எழுத்துப்பிழை அதிகம் இல்லை. வாக்கியத்தின் நடுவில் இரண்டு மூன்று சொல் மட்டும் காணோம், அதற்கு அடுத்த சொல்லிலிருந்து சரியாக எழுதியிருக்கிறான்.

ஒறம்பரை ஒருத்தர் சொல்லி கோவையில் ஒரு மையத்துக்குக் கூட்டிப்போனோம். தலையில் தொப்பி மாட்டி, கம்ப்யூட்டரில் சிவப்பும் நீலமுமாக மூளைப் படம் ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள். தீட்டா என்ற மெதுவான அலை அதிகம், பீட்டா என்ற வேகமான அலை குறைவு, இது ஏ.டி.எச்.டி என்ற கவனக் குறைபாடு, மூளை அலையைத் திரையில் காட்டிப் பழக்கும் நியூரோஃபீட்பேக் கொடுத்தால் மூளை தன்னைத்தானே சரிப்படுத்திக்கொள்ளப் பழகிவிடும் என்றார்கள். மாத்திரை எதுவும் இல்லையாம். நாற்பது அமர்வு, பணம் மொத்தமும் முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டுவதென்றால் நகையை அடகு வைத்தால்தான் முடியும். வீட்டுக்காரர் சேர்த்துவிடலாம் என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

பல்லடத்தான்

சேர்த்து விடுங்க அக்கா. என் மகளுக்குக் கொடுத்தோம். முன்பெல்லாம் ஒரு பக்கம் படிப்பதற்குள் நாலு தடவை எழுந்து போவாள், இப்போது உட்கார்ந்த இடத்தில் முடிக்கிறாள். திரையில் கார் ஓடும், கவனமாக இருந்தால் வேகம் எடுக்கும், கவனம் சிதறினால் நின்றுவிடும். பிள்ளைக்கும் பிடித்திருந்தது. மாத்திரைக்குப் பயந்துகொண்டிருந்த எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ராசிபுரம் டீச்சர்

அம்மணி, கொஞ்சம் பொறுங்க. சில வருஷம் முன்னால் எங்கள் பக்கம் மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன் என்று ஊர் ஊராக முகாம் போட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தைகள் நிறம் சொல்வார்கள், புத்தகம் வாசிப்பார்கள். கட்டின துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் அத்தனையும். என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் எத்தனையோ பேர் கடன் வாங்கிப் பணம் கட்டினார்கள். அந்தக் குழந்தைகளைப் பொய் சொல்லப் பழக்கியதுதான் எனக்கு ஆறவே இல்லை. மூளைக்குப் பயிற்சி என்று யார் வந்தாலும் அப்போதிருந்து எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பூளவாடி தம்பி

டீச்சர், உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதையும் இதையும் ஒன்றாக வைக்க முடியாது. நான் கோவையில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்கிறேன், எனக்குப் பிடித்த பாடமே இதுதான்.

மனிதத் தலையிலிருந்து மின்னலைகளை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். பதிவு செய்தது 1924ல், கட்டுரையாக வெளியிட்டது 1929ல். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்து தடவை போல ஒரு அலை எழும், திறந்தால் அடங்கிவிடும். அதுதான் ஆல்ஃபா. அந்த அலையை ஒரு மனிதன் தானாகவே கட்டுப்படுத்த முடியுமா என்ற கேள்விக்குப் பல வருஷம் கழித்து சிகாகோவில் ஜோ காமியா என்பவர் விடை தேடினார். ஒருவரைக் கண்மூடி உட்காரவைத்து, அவ்வப்போது மணி அடித்து, இப்போது உன் தலையில் ஆல்ஃபா இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார். பதிலுக்குச் சரி, தப்பு என்ற தகவல் மட்டும். போகப்போக ஊகம் சரியாக வர ஆரம்பித்தது. எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று அவர்களால் விளக்க முடியவில்லை, ஆனால் சரியாகச் சொன்னார்கள்.

அதைவிட பலமான சான்று பாரி ஸ்டெர்மன் 1960களில் கலிஃபோர்னியாவில் பூனைகளை வைத்துச் செய்தது. அசையாமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும் பூனையின் மூளையில், உடல் அசைவைக் கவனிக்கும் பகுதியின் மேல் நொடிக்கு 12 முதல் 15 வரை அடிக்கும் ஒரு அலை வருவதைப் பார்த்தார். அந்த அலை வரும்போதெல்லாம் உணவு கொடுத்தார். பூனைகள் வேண்டுமென்றே அந்த அலையை உண்டாக்கக் கற்றுக்கொண்டன. அப்புறம் ராக்கெட் எரிபொருளின் நச்சுத்தன்மையைச் சோதிக்கும் வேறொரு ஆய்வுக்குப் பூனைகள் தேவைப்பட்டன. அந்த எரிபொருள் வலிப்பை வரவழைக்கும். பயிற்சி பெற்ற பூனைகள் மற்றவற்றைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தன. பூனைக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று எதுவும் கிடையாது என்பதால் இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். 1972ல் வலிப்புள்ள ஒரு நோயாளிக்கு இதே பயிற்சி கொடுத்த விவரத்தை ஸ்டெர்மன் வெளியிட்டார்.

1999ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் நீல்ஸ் பிர்பாமர் குழு, ஏ.எல்.எஸ் என்ற நரம்பு நோயால் உடம்பு முழுக்கச் செயலிழந்தவர்களுக்கு மூளையின் மெதுவான மின்மாற்றத்தைக் கட்டுப்படுத்தப் பழக்கி, திரையில் எழுத்தெழுத்தாகத் தேர்ந்தெடுத்துக் கடிதம் எழுதவைத்தது. விரல்கூட அசையாத மனிதர் எழுதினார். ஆக, மூளை அலையைப் பழக்க முடியும் என்பதில் பொய் இல்லை டீச்சர்.

மின்முனை

தம்பி நன்றாக எழுதியிருக்கிறார். நான் ஈரோட்டில் மூளை அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி டெக்னீஷியன், தினமும் தலையில் மின்முனை ஒட்டுவதுதான் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைக்கு நிஜத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

மண்டையின் மேல் நமக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில், சில பத்து மைக்ரோவோல்ட். இவ்வளவு சின்ன சிக்னலில் எது வந்து கலந்தாலும் அலை கெட்டுப்போகும். நம் ஊரில் முதல் எதிரி தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைத்த தலையில் பேஸ்ட் ஒட்டாது, மின்முனைக்கும் தோலுக்கும் தொடர்பு கிடைக்காது, சுவர் வயரிங்கிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வந்துவிடும். அடுத்தது வியர்வை. சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத அறையில் எடுத்தால் கோடு கடல் அலை மாதிரி மேலும் கீழும் போகும். கண் சிமிட்டினால் முன்மண்டை மின்முனையில் பெரிய மேடு எழும்பும். மெதுவான அலைக் கணக்கில் அது சேர்ந்துவிட்டால் தீட்டா அதிகம் என்று காட்டும்.

நான்காவது ஒன்று இருக்கிறது, பெற்றோர் இதைத்தான் கவனிக்க வேண்டும். பல்லைக் கடித்தால், நெற்றியைச் சுருக்கினால் தசையின் மின்சாரம் வேகமான அலையாகப் பதிவாகும். கம்ப்யூட்டருக்கு அதுவும் பீட்டாதான். ஒரு பையனைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கார் நின்றதும் தாடை லேசாக இறுகும், காதுக்கு முன்னால் தோல் துடிக்கும், கார் கிளம்பிவிடும். அவன் ஏமாற்றவில்லை. கார் எதனால் ஓடுகிறதோ அதைத்தான் கற்றுக்கொண்டான். பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போடுவதற்கு முந்தின கச்சா அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உடனே பிடித்துவிடலாம். கார் படத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு போனை நோண்டிக்கொண்டிருந்தால் நாற்பது அமர்வும் தாடைக்குத்தான் பயிற்சி.

இன்னொன்று, வரம்பை யார் வைக்கிறார்கள் என்று கேளுங்க. எவ்வளவு பீட்டா வந்தால் கார் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. சில மென்பொருளில் அதைத் தானியங்கியாக விட்டுவிடலாம். பிள்ளை என்ன செய்தாலும் பத்துக்கு ஏழு தடவை பரிசு கிடைக்கும்படி அதுவே வரம்பை ஏற்றி இறக்கிக்கொள்ளும். பிள்ளை சோர்ந்தால் வரம்பும் இறங்கும். அப்போது அவன் எதைக் கற்றுக்கொள்வான்?

நொய்யல்கரை

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கோவை. நியூரோஃபீட்பேக் கற்றவள், எல்லாருக்கும் இல்லை, சிலருக்குக் கொடுக்கவும் செய்கிறேன். அதனால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

மூளை அலையைப் பழக்க முடியுமா என்பது ஒரு கேள்வி. பழக்கினால் குழந்தையின் கவனம் கூடுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்று தம்பி காட்டிவிட்டார். ஏ.டி.எச்.டி குழந்தைகளுக்கு இதை ஆரம்பித்து வைத்தவர் அமெரிக்காவின் டென்னசியில் ஜோயல் லூபர், 1976லிருந்து. அதன் பிறகு வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் முன்னேற்றம் என்று மதிப்பெண் போட்டவர்கள் பெற்றோர். அவர்களுக்குத் தங்கள் பிள்ளை பயிற்சி பெறுவது தெரியும். 2016ல் சாமுவேல் கோர்டேசி தலைமையில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விவரம் தெரியாமல் மதிப்பிட்டவர்களின், பெரும்பாலும் ஆசிரியர்களின், மதிப்பெண்ணை மட்டும் எடுத்தபோது உறுதியாகச் சொல்லும்படி பலன் மிஞ்சவில்லை.

அப்புறம் 2021ல் வெளிவந்தது இதுவரை நடந்ததிலேயே கவனமாகச் செய்த ஆய்வுகளில் ஒன்று. அமெரிக்காவில் இரண்டு இடங்களில், 7 முதல் 10 வயது வரை 144 குழந்தைகள், 38 அமர்வுகள். ஒரு பகுதிக்கு நிஜப் பயிற்சி. மற்றவர்களுக்கும் அதே தொப்பி, அதே திரை, அதே ஆட்கள். ஆனால் திரையை ஓட்டியது அவர்கள் அலை அல்ல, ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த வேறொரு அலை. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சி கொடுத்தவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுவும் நன்றாக முன்னேறியிருந்தன, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. 2017ல் ஜெர்மனியில் பெரியவர்களிடம் நடந்த ஆய்விலும் நிஜப் பயிற்சி, போலிப் பயிற்சி, குழுவாக உட்கார்ந்து பேசும் சிகிச்சை, மூன்றும் ஒரே பலனைத்தான் கொடுத்தன.

அம்மணி, அந்தக் கலர் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீட்டாவுக்கும் பீட்டாவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஏ.டி.எச்.டி என்று முடிவு கட்டக்கூடாது. மருத்துவர் செய்யும் முறையான மதிப்பீட்டுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2016லேயே அமெரிக்க நரம்பியல் அகாடமி அறிவுரை கொடுத்தது. ஏ.டி.எச்.டி என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் ஆரம்பித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். காது, கண், தூக்கம், ரத்தசோகை, வாசிப்புக் குறைபாடு எல்லாம் பார்த்துக் கழிக்க வேண்டும். உங்கள் பையனுக்கு இதில் எதையாவது பார்த்தார்களா?

அந்தியூர் அம்மணி

இல்லைங்க மேடம். ஒரு பாரம் நிரப்பச் சொன்னார்கள், அப்புறம் நேராகத் தொப்பிதான்.

பல்லடத்தான்

மேடம், அப்படியானால் என் மகளிடம் நான் கண்ணால் பார்த்த மாற்றம் பொய்யா?

நொய்யல்கரை

இல்லவே இல்லைங்க. உங்கள் மகள் மாறியது உண்மை. அந்த ஆய்வில் போலிப் பயிற்சி பெற்ற குழந்தைகள் மாறியதும் உண்மைதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு பெரியவர் அந்தக் குழந்தைக்காகவே நேரம் ஒதுக்கி உட்காருகிறார். அரை மணி நேரம் அசையாமல் இருந்து பழகுகிறாள். அடிக்கடி பாராட்டு கிடைக்கிறது. கூட்டிப்போய்க் கூட்டி வரும் வழியில் அப்பாவோடு பேசிக்கொண்டு வருகிறாள். ஒரு வருஷத்தில் வயதும் கூடுகிறது. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்கத்தான் அப்படி ஆய்வு செய்தார்கள். அலைக்குத் தனிப் பங்கு இருப்பதாகக் காட்ட முடியவில்லை. உங்கள் மகளுக்குக் கிடைத்ததை நீங்கள் சந்தோஷமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொரு வீட்டில் நகையை அடகு வைக்கச் சொல்லும் அளவுக்கு அது சான்று ஆகாது, அதுதான் என் வாதம்.

மாத்திரை பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. நிஜமான ஏ.டி.எச்.டிக்கு மெத்தில்ஃபெனிடேட் மருந்தின் பலன், யாருக்கு எது என்று மறைத்துச் செய்யும் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தாண்டி நின்றிருக்கிறது. பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், அதனால் எடை, உயரம், நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள். பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சியும் உண்டு, அதற்கு எந்தத் தொப்பியும் வேண்டாம்.

பூளவாடி தம்பி

தீட்டா பீட்டா முறையைப் பொறுத்தவரை மேடம் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்கவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் தலைக்காயம் பட்டவர்களுக்கு இதைக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு மூளை சிக்னலை வைத்துக் கையை அசைக்கப் பழக்கும் கருவிக்கு 2021ல் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏவின் அனுமதி கிடைத்தது. அதில் கையை அசைக்க நினைக்கும்போது மூளையில் எழும் அலையைப் பிடித்து அந்தக் கையையே அசைக்கிறார்கள், காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கவனம் அப்படி ஒரே இடத்தில் இருக்கும் விஷயம் இல்லை. இதுதான் என் யூகம்.

மின்முனை

விவாதம் நடக்கட்டும். அம்மணி, உங்கள் முதல் பதிவை மறுபடியும் படித்தேன். டிக்டேஷனில் நடுவில் சொல் காணாமல் போவது எனக்கு உறுத்துகிறது. கவனம் சிதறும் பிள்ளை பொதுவாகப் பிழையாக எழுதுவான், வரியையே விடுவான், பக்கத்துப் பையனைப் பார்ப்பான். இரண்டு மூன்று சொல் மட்டும் அறுந்து, அதற்கு அடுத்ததிலிருந்து ஒழுங்காகத் தொடர்வது வேறு மாதிரி. சில கேள்விகள். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாலோ தோளைத் தொட்டாலோ திரும்புகிறானா? எவ்வளவு நேரம் அப்படி இருக்கிறான்? பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிடும்போது, விளையாடும்போது வருகிறதா? கண் இமை படபடக்கிறதா?

அந்தியூர் அம்மணி

அண்ணா, இதை இதுவரை யாரும் கேட்டதில்லை. தொட்டாலும் திரும்ப மாட்டான். எண்ணிப் பார்த்தால் பத்து எண்ணுவதற்குள் சரியாகிவிடும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேசுவான். சாப்பிடும்போதும் வரும், கையில் உருண்டையோடு அப்படியே நிற்பான். என் அம்மா இமை துடிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கண்ணு கண்ணு என்று உலுக்குவார். கனவு காண்கிறான் என்றுதான் எல்லாருமே நினைத்தோம்.

மின்முனை

நான் டாக்டர் இல்லை, இது இன்னது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த வர்ணனையோடு வரும் பிள்ளைகளுக்கு நரம்பியல் மருத்துவர் முதலில் சந்தேகப்படுவது ஆப்சென்ஸ் என்ற வகை வலிப்பை. கீழே விழ மாட்டார்கள், வெட்டி இழுக்காது, நுரை தள்ளாது. சில நொடி நினைவு மட்டும் அறுந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒரே நாளில் பல தடவை வரலாம். நாலு வயதிலிருந்து பத்து வயதுக்குள் ஆரம்பிப்பது வழக்கம். பகல் கனவு, கவனமின்மை என்று பேர் வாங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு. நல்ல செய்தி, இதற்கு மருந்து உண்டு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும்.

கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையிடம் காகிதக் காற்றாடி ஒன்றைக் கொடுத்து மூன்று நிமிஷம் விடாமல் ஊதச் சொல்வோம். அந்த மூச்சே வலிப்பைத் தூண்டிவிடும். ஊதிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்துவான், காற்றாடி நிற்கும், கண் எங்கோ பார்க்கும், திரையில் எல்லாச் சேனலிலும் ஒரே நேரத்தில் நொடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையும் மாறி மாறி வரும். சில நொடியில் மறையும், அவன் திரும்ப ஊத ஆரம்பிப்பான். பார்த்தவர் மறக்க முடியாத வடிவம் அது.

அந்த மையத்தின் கலர் படத்தில் இது தெரியாது. அது பல நிமிஷப் பதிவின் சராசரி. சில நொடி வெடிப்பு அதில் கரைந்துவிடும், அல்லது பிள்ளை அசைந்துவிட்டான் என்று அந்தத் துண்டை வெட்டிப் போட்டிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறேன், பணம் கட்டுவதை நிறுத்தி வையுங்க, முதலில் முழு ஈ.ஈ.ஜி எடுத்து நரம்பியல் மருத்துவர் படித்துச் சொல்லட்டும்.

நொய்யல்கரை

மின்முனை சொல்வதை நூறு சதவீதம் வழிமொழிகிறேன். முதல் பதிவிலேயே நான் இதைத்தான் கேட்டிருப்பேன் என்று சொல்ல ஆசை, ஆனால் டிக்டேஷன் நோட்டைப் பிடித்தது அவர். அம்மணி, உங்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம். முதலில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்க, தேவையென்றால் அங்கிருந்து நரம்பியல் பிரிவுக்கோ கோவை அரசு மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடமும் சொல்லுங்க. ஆப்சென்ஸ் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு ஏ.டி.எச்.டியும் சேர்ந்தே இருக்கும், அதனால் வலிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவனத்துக்கான மதிப்பீடு தனியாக நடக்க வேண்டும்.

மேட்டுக்கடை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு, மாத்திரை எடுக்கிறேன். பூனை ஆய்வைப் படித்ததும் ஆசை வருகிறது. இந்தப் பயிற்சியால் மாத்திரையை நிறுத்த முடியுமா தம்பி?

பூளவாடி தம்பி

அண்ணா, தயவுசெய்து நிறுத்த வேண்டாம். ஸ்டெர்மனுக்குப் பிறகு மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பில் பல சின்ன ஆய்வுகள் நடந்தன, சிலருக்கு வலிப்பு குறைந்தது. ஆனால் அவர்கள் மருந்தோடுதான் இதையும் செய்தார்கள். யாருக்கு எது என்று மறைத்துச் செய்த பெரிய ஆய்வு எதையும் நம்பி மாத்திரையை விடும் நிலை இல்லை.

மின்முனை

மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைப்பதானாலும் உங்கள் டாக்டர் சொல்லும் வேகத்தில்தான்.

ராசிபுரம் டீச்சர்

நாளைக்கு என் வகுப்பில் டிக்டேஷன் நோட்டுகளை ஒரு தடவை எடுத்துப் பார்க்கப் போகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பழகிவிட்டோம். சொல் காணாமல் போகும் பிள்ளை யாராவது இருந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுகிறேன்.

அந்தியூர் அம்மணி

எல்லாருக்கும் நன்றிங்க. வீட்டுக்காரரிடம் இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். பணம் கட்டவில்லை. பெருந்துறையில் காட்டினோம், டாக்டர் அங்கேயே அவனை ஊதச் சொல்லிப் பார்த்தார், ஈ.ஈ.ஜிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மின்முனை அண்ணா, என்ன தயார் செய்துகொண்டு வரணும்? பையன் ஷாக் அடிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

மின்முனை

ஷாக் அடிக்காது கண்ணு, அது தலையிலிருந்து எடுக்குமே தவிர எதையும் தலைக்குள் அனுப்பாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்க. பேஸ்ட் ஜில்லென்று இருக்கும், தோலைச் சுத்தம் செய்யும்போது லேசாக உரசும், அவ்வளவுதான்.

முந்தின நாள் ராத்திரி ஷாம்பு போட்டுத் தலையை அலசுங்க. எண்ணெய், ஜெல் எதுவும் வேண்டாம். வெறும் வயிற்றோடு கூட்டி வராதீங்க, பசித்தாலும் அலை மாறும். தூக்கத்தைக் குறைத்துக் கூட்டி வரச் சொல்லியிருந்தால் டாக்டர் சொன்ன நேரத்துக்கு எழுப்புங்க, பஸ்ஸில் தூங்க விடாதீங்க. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் சீட்டைக் கொண்டு வாங்க. டிக்டேஷன் நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்க, டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்க. அதுவரைக்கும் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்க. சாப்பிடும்போது அப்படி நின்றானென்றால் உலுக்க வேண்டாம் என்று அமுச்சியிடம் சொல்லிவிட்டு, முகமும் கையும் தெரியும்படி வீடியோ எடுத்துவிடுங்க. அப்புறம், குளத்திலோ வாய்க்காலிலோ தனியாக இறங்க விடாதீங்க, ரோட்டில் சைக்கிளும் இப்போதைக்கு வேண்டாம்.